இடக்கரைக்கு உட்கார்ந்தவள்

அவள் பெயரை நான் சொல்லமாட்டேன். இனி வாயால் எடுப்பதில்லை என்று மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து ஏழு வருஷம் ஆகிறது. போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். செத்தவள் மேல் இன்னும் என்ன கோபம் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். ஆள் செத்தால் கோபமும் கூடவே சாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? எனக்கு ஆறவில்லை, அவ்வளவுதான்.

முள்ளிப்பட்டில் எங்களுக்குப் பின்தெரு அவள். ஆள் குள்ளம், நடை மட்டும் வேகம். கையில் எப்போதும் மூடி தேய்ந்த ஒரு பச்சை பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கும். அவளும் தறிக்காரிதான், பெரிய அதிகாரி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் அவள் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் குழுவில் இன்னும் பலர் இருந்தார்கள். எல்லாரும் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, பிஸ்கட் தின்றுவிட்டு வந்தார்கள். இவள் ஒருத்திதான் போலீஸ் வேலை கிடைத்த மாதிரி நடந்துகொண்டாள்.

எந்த வீட்டிலாவது பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அன்று மாலையே அந்த வாசலில் நிற்பாள். வீட்டார் மரியாதைக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

"வேணாம். உன் ஊட்டுத் தண்ணிய உன் பொண்ணு ஸ்கூலுக்குப் போற அன்னிக்குக் குடிக்கிறேன்" என்பாள். சொல்லிவிட்டுத் தன் பச்சை பாட்டிலைத் திறந்து, அவர்கள் எதிரிலேயே மடக் மடக்கென்று குடிப்பாள்.

வாசலுக்கு வந்தவள் தண்ணீரை மறுப்பது என்றால் சும்மா இல்லை. ஜென்மப் பகையாளிகூட எங்கள் பக்கம் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான். நீட்டிய சொம்போடு அந்த வீட்டுப் பெண் நிற்பாள், தெருவே பார்க்கும்.

அவள் என்ன ரகம் என்பதற்கு ஒரு பந்தியைச் சொல்கிறேன். அரிசி மில்லில் வேலை செய்கிற ஒருவன், சின்னப் பிள்ளைக்குக் காது குத்தினான். அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் பெரிய பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருந்தான். முதல் பந்தியில் இவள் போய் உட்கார்ந்தாள். நானும் அதே வரிசையில்தான் இருந்தேன். இலையில் எல்லாம் விழுந்தது. நாங்கள் சாம்பார், ரசம், மோர் என்று முடித்துவிட்டோம். இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் வரிசை எழுந்திருப்பது மரியாதை இல்லை. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் கையெல்லாம் காய்ந்துபோனது. மில்காரன் ஓடிவந்தான்.

"இன்னாம்மா, சோத்துல எதுனா கொறையா?"

"சோத்துல ஒண்ணும் கொறையில்ல. உன் பெரிய பொண்ணு எங்க கீறா தெர்மா? கொயந்தைய இடுப்புல வெச்சிகினு கை கழுவற எடத்துல நிக்கிறா. அவ புஸ்தகத்த எடுக்கற அன்னிக்கு நான் சாப்பிடறேன்."

அவன் கெஞ்சினான், முறைத்தான், மறுபடி கெஞ்சினான். கடைசியில் எல்லார் காதிலும் விழும்படி, "திங்கக்கெழம அனுப்பறேம்மா, கைய நனைங்க" என்றான்.

"திங்கக்கெழம வந்து நனைக்கிறேன்" என்று எழுந்துகொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து மணி அடித்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போய், மீதி இருந்ததைப் போடச் சொல்லி வயிறார சாப்பிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ராட்சசி. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் ஒரு மாதம் சிரித்தேன். சிரித்ததற்கு எனக்குச் சேர்த்து வைத்துக் கிடைத்தது.

எங்கள் தறியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் நெய்கிற பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குக் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை, நாங்கள் நாடா என்போம், மூன்று ஓட வேண்டும். நடு நாடாவும் வலக்கரை நாடாவும் நெய்கிறவன் கையில். இடக்கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் இடப்பக்கம் உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவையும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்த இடத்தில் புடவை வாய் பிளந்துவிடும். தறியில் இழுத்துக் கட்டியிருக்கிறவரை அது கண்ணுக்குத் தெரியாது. அறுத்து மடிக்கிற அன்றுதான் தெரியும். நெய்கிறவன் இடக்கரையை எட்டிப் பார்ப்பதில்லை. அது உட்கார்ந்தவர் பொறுப்பு. எட்டிப் பார்த்தால் 'உன்னை நம்பவில்லை' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எனக்கு இடக்கரைக்கு என் வீட்டுக்காரிதான் உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து உட்காரக்கூடாது என்று ஆரணி டாக்டர் சொல்லிவிட்டார். என் பெண் கீர்த்தனா அப்போதுதான் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். லீவுதானே, உட்காரட்டும் என்றேன். உட்கார்ந்தாள். ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். பள்ளிக்கூடம் திறந்தது. ஆரணியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர ஃபாரம் வாங்கி, எல்லாவற்றையும் அவளே எழுதி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நான் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாக்கலாம் என்றேன். அவள் அழவும் இல்லை. தலையை நிமிர்த்தாமல் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் பச்சை பாட்டில் வாசலுக்கு வந்தது.

"இன்னாண்ணா, பொண்ணு எங்க?"

"ஊட்லதான் கீறா."

"ஸ்கூலு தொறந்து பத்து நாளாச்சி."

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாத்துகினு போ."

"இதாண்ணா என் வேல."

என் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். அதே வசனம், அதே மடக் மடக். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளிலிருந்து வாட்ஸ்அப். கரண்ட் கட், சாவுச் செய்தி எல்லாம் வருகிற எங்கள் தெரு குரூப்பில் காலை ஒன்பது மணிக்கு அவள் குரல் வரும். "கீர்த்தனா இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போவல. அவங்க நைனா ஊட்லதான் கீறாரு. பாத்தா கேளுங்க." இவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. ஜனங்களும் கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள், முடிவெட்டுகிற இடத்தில் கத்தரிக்கோலை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். பேஜார் தாங்காமல் நான் குரூப்பை விட்டே வெளியே வந்தேன். வந்தால் என்ன, தெருவை விட்டு வெளியே வர முடியுமா?

நான்காம் நாள் காலை, பாட்டிலோடு ஒரு தூக்குச் சட்டியும் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். என் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"நவுரு கீர்த்தி. போய்க் குளி. புஸ்தகத்த எடு. உங்க நைனாவுக்குக் கைதானே வோணும், தோ என் கை கீது."

"யாரக் கேட்டு நீ உக்கார்ற?" என்றேன்.

"நீ யாரக் கேட்டு அவள உக்கார வெச்ச?"

உட்கார்ந்துவிட்டாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரியைவிட வேகம், நாடா போனதும் வந்ததும் தெரியாது. முதல் இரண்டு மணி நேரம் கோபத்தில் நெய்தேன். பிறகு எனக்குள் ஒரு திருட்டு யோசனை வந்தது. நஷ்டம் யாருக்கு? உட்காரட்டும். புடவை ஜல்தியாக முடியும். கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாதமும் முடிந்துவிடும். இவள் இன்னொரு வாசலுக்குப் போய்விடுவாள், கீர்த்தி மறுபடி தறிக்கு வந்துவிடுவாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று நினைத்தது அதுதான்.

தினமும் காலையில் உட்காரும்போது ஒரு தடவை கேட்பாள், "கையெழுத்து?" நான் "பாக்கலாம்" என்பேன். அதற்கு மேல் வற்புறுத்தமாட்டாள். தன் வீட்டு வேலைக்கு ராத்திரியில் உட்காருவாள் போலிருக்கிறது, கண் சிவந்திருக்கும். மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறந்து தன் சோற்றைத் தின்பாள். என் வீட்டில் ஊறுகாய்கூட வாங்கவில்லை.

ஒருநாள் நான்தான் கேட்டேன். "உனக்கு இன்னாம்மா அப்பிடி ஒரு வெறி? ஊர்ல கீற பசங்கல்லாம் நீ பெத்ததா?"

நாடாவை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஏழாவது படிக்கசொல்ல எங்க நைனா என்ன எடக்கரைக்கு உக்கார வெச்சாரு. ஸ்கூல்லேர்ந்து ஒரு சாரு கேக்க வந்தாரு. நல்லா படிக்கிற பொண்ணாச்சேன்னாரு. எங்க நைனா உக்காருங்க சார்னாரு. டீ போட்டுக் குடுத்தோம். குடிச்சாரு. மழ, நெல்லு வெலன்னு பேசிகினு இருந்தாரு. அப்பறம், சரி பாருங்கன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. அவ்ளோதான் என் படிப்பு. அந்த டீய நான்தாண்ணா போட்டேன். சர்க்கர ஜாஸ்தியா போட்டேன், எனக்காகப் பேச வந்தவராச்சேன்னு."

நான் அறுந்த இழை ஒன்றை முடிந்தேன். பிறகு அவளே, "எங்க நைனாவ மன்னிச்சிட்டேன். அந்த டீ குடிச்சவர மன்னிக்கல" என்றாள்.

முந்தி, அதாவது முந்தானைப் பக்கம், எங்கள் தறியில் கடைசியில்தான் வரும். அதற்கு முதல் நாள் காலை உட்காரும்போது, "நாளைக்கு முந்தி ஆரம்பிக்குது. மாசமும் முடியப் போவுது. கையெழுத்து போடறியா இல்லியா?" என்று கேட்டாள்.

"முந்தி முடியட்டும்" என்றேன்.

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யை நான் கவனித்திருக்க வேண்டும்.

முந்தி முடிந்தது. அறுத்து, ஆரணிக்குக் கொண்டுபோய், பட்டு நூல் கொடுக்கிற முதலாளி முன்னால் வைத்தேன். அவர் விரித்தார். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை, பார்க்கவே கண் நிறைந்தது. முந்தியின் இடப்பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. உடலுக்கும் கரைக்கும் நடுவில் இரண்டு விரல் நீளத்துக்குப் புடவை வாய் திறந்திருந்தது. அவர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, முந்தியிலயே வாயத் தொறந்து வெச்சிருக்க? எடுத்துகினு போ" என்று மடிக்காமலே தள்ளிவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராக அவள் வீடு. நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். புடவையை அவள் மேல் வீசினேன். என்னென்ன திட்டினேன் என்று எழுத முடியாது. அவள் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"நான்தான் விட்டேன்" என்றாள். "கை தவறி இல்ல, தெரிஞ்சேதான் விட்டேன். தெனமும் கேட்டேன். நீ என் கைய வெச்சிகினு நெய்ஞ்சிகினே பாக்கலாம் பாக்கலாம்ன. அதுக்குத்தான் அது."

"உன்ன இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்க விட்டா கேளு."

"நான் வரலண்ணா. நீ உன் பொண்ணையே உக்கார வெய்யி. எப்பிடி விடறதுன்னு அவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

அவள் கையிலிருந்து புடவையைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். கீர்த்தனா தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சும்மா பார்த்தாள். இனி இந்தப் பெண்ணை இடக்கரைக்கு வைத்துக்கொண்டு நான் எப்படி எட்டிப் பார்க்காமல் நெய்வேன்? ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது. கிழிசலோடே கொண்டுபோய்க் கொடுத்து அவள் சேர்ந்தாள்.

கீர்த்தி சேர்ந்த அன்று சாயங்காலம் வாசலில் பின்தெருக்காரி நின்றாள். கையில் பாட்டில் இல்லை.

"தண்ணி குடுண்ணா" என்றாள்.

என் வீட்டுக்காரி சொம்பை எடுக்கப் போனாள். நான் தடுத்தேன்.

"இந்த ஊட்ல உனக்குத் தண்ணி இல்ல" என்றேன்.

நல்ல வெயில் நாள் அது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் கோயில் வாசலில் கற்பூரம் அடித்தேன்.

அந்தப் புடவையைக் கீர்த்தனா எடுத்துக்கொண்டாள். பிளஸ் டூ முடித்தபோது பள்ளிக்கூடத்துப் பிரிவு விழாவுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள், ஓட்டையில் ஊக்குக்கூடக் குத்தாமல். இப்போது வேலூரில் நர்ஸ். நான் பிறகு ஒரே நிறப் புடவைதான் நெய்தேன். இடக்கரைக்கு ஆள் தேவைப்படாத வேலை, கூலி குறைச்சல். அதற்கும் அவள்தான் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மன் எனக்குக் கண் திறந்தாள். எவன் வீட்டிலோ பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பு என்று சத்தம் போடப் போன இடத்தில், அந்த வீட்டுத் தறிக்குழியில் கால் தவறி விழுந்து அவள் தொடையெலும்பை உடைத்துக்கொண்டாள். படுத்த படுக்கை. அவள் வீட்டுத் தறியில் இடக்கரைக்கு அவள்தான் உட்காருவாள். அவள் புருஷன் என்ன செய்தான்? ஒன்பதாவது படிக்கிற சொந்தப் பெண்ணை நிறுத்தி, தறிக்கு உட்கார வைத்துவிட்டான். அம்மாவைப் பார்த்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று என்றானாம்.

செய்தி கேட்ட அன்று எனக்கு ஒரு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது. எனக்கு மட்டும் இல்லை, அவளிடம் பட்ட வீடுகளெல்லாம் வாயை மூடிக்கொண்டு ருசித்தன. ஒருவரும் அந்த வாசலை எட்டிப் பார்க்கவில்லை. குரூப்பில் என்னை மறுபடி சேர்க்கச் சொன்னேன். காலை ஒன்பது மணி. போனை வாயருகில் வைத்தேன். "பின்தெருவுல அந்தப் பொண்ணு இன்னிக்கும் ஸ்கூலுக்குப் போவல. அவங்கம்மா ஊட்லதான் கீது. பாத்தா கேளுங்க." எத்தனை பேர் கட்டைவிரலைப் போட்டார்கள் என்று என் வீட்டுக்காரிக்குக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் நேரிலேயே போனேன். வேறெதற்கும் இல்லை, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான். கட்டிலில் படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வா" என்றாள். "எவனாவது வருவான்னு தெனமும் வாசலயே பாத்துகினு இருந்தேன். தொண்ட கிழிய கத்தறேன், இந்த ஊட்ல என் பேச்சு எடுபடல. நீயாவது வந்தியே."

இப்படிப் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாக்கில் ஒரு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அந்தப் பெண் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டியது. ஏலக்காய் வாசம் வந்தது. சர்க்கரைகூட ஜாஸ்தியாகத்தான் போட்டிருக்கும்.

"வேணாம்மா" என்றேன். "நீ ஸ்கூலுக்குப் போற அன்னிக்கு வந்து குடிக்கிறேன்."

பழிவாங்கத்தான் சொன்னேன். அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். கட்டிலில் இருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அழுகையா, சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சொன்னதோடு விட்டேனா? தறிக்குப் போய் அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டு இடப்பக்கம் உட்கார்ந்தேன். புருஷன்காரன் விழித்தான். கூலியில்லாத கை என்று அவனுக்கும் உள்ளே ஒரு சந்தோஷம், எனக்குத் தெரியாதா? உட்காரட்டும் என்று விட்டுவிட்டான். நான் நாட்களை எண்ணிக்கொண்டு நாடா தள்ளினேன். முந்தி வரட்டும். இரண்டு விரல் இல்லை, நான்கு விரல் விடப்போகிறேன். அவள் கண்ணெதிரில் விரித்துக் காட்டப்போகிறேன். அந்த நினைப்பில் முதுகு வலிகூடத் தெரியவில்லை.

முந்திக்கு முதல் நாள், கட்டிலிலிருந்து அவள் புருஷனைக் கூப்பிட்டாள்.

"தோ பாரு. நாளைக்கு முந்தி. அவன் என்கிட்ட பட்டவன். பொண்ணு ஸ்கூலுக்குப் போவலன்னா கண்டிப்பா விடுவான். பொண்ண இன்னிக்கே அனுப்பிடு."

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, பையோடு வாசலில் இறங்கிவிட்டது. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று என்னையும் தறியை விட்டு எழுப்பிவிட்டார்கள். இத்தனை நாள் முதுகொடிய உட்கார்ந்து, கையில் வந்த முந்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். வாசலிலேயே நின்றேன்.

"டீ குடு" என்றேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு ஊர் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, "டீத்தூள் தீந்துபோச்சிண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கால் சரியாகக் கூடவே இல்லை. போன வருஷம் போனாள். எடுக்கிற அன்று போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். கீர்த்தனா வேலூரிலிருந்து வந்து அழுதாள். அன்றைக்கு என் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றவளுக்கு ஒரு சொம்பு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. 

போன வாரம் கோடித் தெருவில் ஒருவன் பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டான் என்று சொன்னார்கள். எனக்கென்ன வந்தது? இருந்தாலும் போனேன். அவன் மனைவி சொம்பில் தண்ணீர் நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"இன்னாண்ணா, செத்துப்போனவ மாதிரியே பேசறியே" என்று சிரித்து, அவன் அவள் பெயரைச் சொன்னான்.

நான் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவன் பெண்ணை நகரச் சொல்லி இடப்பக்கம் உட்கார்ந்தேன். அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கையெழுத்து, அட்மிஷன் எல்லாம் பாக்கலாம்ணா, பாக்கலாம் என்றான். சரி என்றேன். தறியில் பாவு நூல் எவ்வளவு மீதி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். முந்திக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.